அச்சுக்கு ஃபைல் அனுப்பும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் எங்கள் அச்சகத்துக்கு வேலை கொடுப்பவர்கள் போனில் கேட்பதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறோம். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புக், கவிதைத் தொகுப்பு, பண்ருட்டி முந்திரிப் பாக்கெட்டின் லேபிள் என்று எதுவானாலும் மெஷின் ஓடும் நேரம் கொஞ்சம்தான். வந்த ஃபைலைச் சரிசெய்வதில்தான் நாள் போகிறது. அதில் பாதியை நீங்களே தவிர்த்துவிடலாம்.

எந்த வகை ஃபைலாக அனுப்ப வேண்டும்?

பிடிஎஃப். அதோடு கோரல், இன்டிசைன், ஃபோட்டோஷாப் என எதில் வடிவமைத்தீர்களோ அந்த மூல ஃபைலையும் சேர்த்து அனுப்பினால் நல்லது. கடைசி நிமிடத்தில் ஒரு போன் நம்பரை மாற்றச் சொன்னால் மூல ஃபைல் இருந்தால்தான் சுலபம். பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் அதைக் கூடவே சொல்லிவிடுங்கள்.

வேர்டில் அடித்து வைத்திருக்கிறேன். அப்படியே அனுப்பலாமா?

நாங்களே பக்கம் அமைக்கப்போகிறோம் என்றால் தாராளமாக அனுப்பலாம், மேட்டர் மட்டும் இருந்தால் போதும். நீங்கள் அமைத்த பக்கம் அப்படியே அச்சாக வேண்டும் என்றால் வேர்டு ஃபைல் ஒத்துவராது. உங்கள் கணினியில் 12 பக்கமாக இருப்பது எங்களிடம் திறந்ததும் 13 பக்கமாகிவிடும், அட்டவணையின் கோடுகள் இடம் மாறும். பிடிஎஃப்பாகச் சேமித்து அனுப்புங்கள். சேமிக்கும்போது ‘குறைந்த அளவு’ என்ற தேர்வைத் தொடாதீர்கள், அது படங்களின் தரத்தைக் குறைத்துவிடும். இன்னொன்று, வேர்டில் பக்க அளவு பெரும்பாலும் ஏ4 ஆகவே இருக்கும். ஏ5 புத்தகத்தை ஏ4-ல் அடித்துவிட்டு “கொஞ்சம் சுருக்கிப் போட்டுவிடுங்கள்” என்றால் 12 பாயின்ட் எழுத்து எட்டரைப் பாயின்ட்டாகிவிடும். வீட்டில் பெரியவர்கள் யாரும் படிக்க முடியாது. பக்க அளவை முதலிலேயே சரியாக வைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பியுங்கள்.

என் கணினியில் தமிழ் நன்றாகத் தெரிகிறது. உங்களிடம் வந்ததும் ஏன் ஆங்கிலமாகவும் கட்டம் கட்டமாகவும் மாறிவிடுகிறது?

எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

தமிழை இரண்டு விதமாக அடிக்கிறோம். ஒன்று யூனிகோடு. செல்போனில், மின்னஞ்சலில், இணையத்தில் எல்லாம் இருப்பது அதுதான். மற்றொன்று பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறைகள். இவற்றில் கணினியைப் பொறுத்தவரை தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தமிழ் வடிவத்தை மாட்டிவிட்டிருப்பார்கள், அவ்வளவுதான். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று தெரியும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, எழுத்துருதான் இல்லை. அதனால் பழைய எழுத்துருவில் அடித்தால் அந்த எழுத்துரு ஃபைலையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரே பெயரில் பல எழுத்துருக்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன, பெயரை மட்டும் சொன்னால் போதாது.

யூனிகோடில் அடித்தால் சிக்கலே இல்லையா என்றால், அதிலும் உண்டு. தமிழ் அச்சகங்களில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். அதற்கு யூனிகோடு தெரியாது. நீங்கள் அனுப்பிய மேட்டரை அதில் ஒட்டினால் கேள்விக்குறிகள்தான் வரிசையாக வரும். எனவே யூனிகோடு மேட்டரைப் பாமினிக்கு மாற்றித்தான் உள்ளே கொண்டுபோகிறார்கள். அந்த மாற்றத்தில் நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொற்கள் குழம்பிவிடும். பாமினியில் சதுர அடைப்புக்குறிகளின் இடத்தில் ‘ஜ’வும் ‘ஸ’வும் உட்கார்ந்திருப்பதால், நீங்கள் அடைப்புக்குறி போட்ட இடத்தில் அந்த எழுத்துகள் முளைத்திருக்கும். இப்படி மாற்றிய மேட்டரை முதலிலிருந்து ஒருமுறை படித்தே ஆகவேண்டும். வேறு வழியில்லை.

இன்டிசைனில் நீங்களே தமிழ் அமைக்கிறீர்கள் என்றால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். அது இல்லாவிட்டால் ‘செடி’யின் ஒற்றைக்கொம்பு சகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். ஃபோட்டோஷாப்பிலும் இதே பெயரில் ஓர் அமைப்பு உண்டு.

இத்தனையையும் தாண்ட ஒரு குறுக்கு வழி இருக்கிறது. வேலை முழுவதும் முடிந்த பிறகு எழுத்துகளைக் கர்வ்ஸாக மாற்றிவிடுங்கள். எழுத்து அப்போது வெறும் கோட்டு வடிவமாகிவிடுவதால் எந்தக் கணினியிலும் மாறாது. ஆனால் அதன்பின் ஒரு புள்ளியைக்கூடத் திருத்த முடியாது. ஆகவே கர்வ்ஸுக்கு முந்தைய பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை, லேபிள், போஸ்டருக்கு இது நல்ல வழி. 200 பக்கப் புத்தகத்துக்கு வேண்டாம், எழுத்துருவைப் பிடிஎஃப்புக்குள்ளேயே பொதிந்து அனுப்பினால் போதும்.

புதிதாக எழுத ஆரம்பிப்பவர்களுக்கு எங்கள் யோசனை: யூனிகோடிலேயே அடியுங்கள். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடையும் டேஸ்-16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்துவிட்டது. பழைய மென்பொருளோடு மல்லுக்கட்டுவது எங்கள் பாடு. உங்களுக்கு அந்தத் தலைவலி எதற்கு?

பத்திரிகை ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் பிரெஞ்சு. அதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். பாண்டியில் பாதி வீட்டுக் கல்யாணத்துக்குப் பிரான்ஸிலிருந்து யாராவது வருகிறார்கள், எனவே இந்த வேலை எங்களுக்குப் புதிதல்ல. பிரெஞ்சு எழுத்துகளின் மேலே வரும் சாய்கோடு, கூரைக்குறி, பிரான்சுவா மார்த்தேன் வீதியின் பெயரில் ‘சி’ எழுத்துக்குக் கீழே வரும் வால் எல்லாம் கணினியில் தனி இடங்களில் இருக்கின்றன. பழைய தமிழ் எழுத்துருக்கள் பல அதே இடங்களில்தான் தமிழ் எழுத்துகளைக் குடிவைத்திருக்கின்றன. பிரெஞ்சு வரியைத் தவறுதலாக அந்த எழுத்துருவில் விட்டால் பெயருக்கு நடுவில் திடீரென ஒரு தமிழ் எழுத்து எட்டிப்பார்க்கும். பிரெஞ்சுப் பகுதிக்குத் தனியாக ஓர் ஆங்கில எழுத்துரு கொடுங்கள். வாட்ஸ்அப்பில் குறிகள் இல்லாமல் அடித்து அனுப்பிவிட்டு “நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லாதீர்கள். மாமனார் பெயரில் குறி எங்கே வரும் என்பது உங்கள் வீட்டாருக்குத்தான் தெரியும். பாஸ்போர்ட்டிலோ குடும்ப அட்டையிலோ உள்ளபடி எழுதி, அதன் படத்தை அனுப்பினாலும் சரி.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் படமாக அனுப்பாதீர்கள். ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடுகிறது. 4000 பிக்சல் அகலத்தில் எடுத்த படம் எங்களிடம் சுமார் 1600 பிக்சலாக வந்து சேரும். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தப் படம் ஐந்தேகால் அங்குலம் வரைதான் தாங்கும். விசிட்டிங் கார்டுக்கு அது போதும், ஏ4 அட்டைக்குப் போதாது. டாக்குமென்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே, எதுவும் குறையாமல் வரும்.

ஒரு படத்தை ஐந்து குழுக்களில் சுற்றவிட்டு, ஆறாவதாக எங்களுக்கு டாக்குமென்டாக அனுப்பினால் பயனில்லை. போன தரம் போனதுதான். எடுத்த போனிலிருந்தே அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இரவோடு இரவாக வேண்டும். ஆதார் அட்டையில் உள்ள படம்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட நேரத்தில் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம், இருப்பதை அனுப்புங்கள். ஆனால் ஒரு விஷயம். வீட்டுச் சுவரில் மாட்டிய படமோ, பேரன் பேத்தி கல்யாண ஆல்பமோ இருந்தால் அதைப் போனில் எடுத்து அனுப்பினாலே ஆதார் அட்டைப் படத்தைவிடப் பல மடங்கு நன்றாக வரும். கண்ணாடிச் சட்டத்தோடு எடுக்காதீர்கள், ட்யூப்லைட் வெளிச்சம் முகத்தின்மேல் விழுந்துவிடும். சட்டத்தைக் கழற்றிவிட்டு, ஃபிளாஷ் போடாமல், நேராக மேலிருந்து எடுங்கள். பெயர், வயது, மறைந்த தேதி, அடக்கம் அல்லது தகனம் நடக்கும் நேரம், இடம் இவற்றை ஒரே செய்தியாக ஒருவர் மட்டும் அனுப்பட்டும். நான்கு பேர் நான்கு நேரம் சொன்னால் நாங்கள் எதைப் போடுவது?

ஃப்ளெக்ஸுக்கும் 300 பிக்சல் கணக்குதானா?

இல்லை. தூரத்திலிருந்து பார்ப்பது என்பதால் உண்மையான அளவில் அங்குலத்துக்கு 72 முதல் 100 வரை இருந்தால் போதும். 10-க்கு 8 அடி பேனர் 72-ல் 8640-க்கு 6912 பிக்சல். அதையே 300-ல் செய்தால் ஃபைல் திறக்கவே அரை மணி நேரம் ஆகும்.

ஸ்கிரீனில் பார்த்த நிறம் அச்சில் ஏன் வரவில்லை?

திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. நாங்கள் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மையால் காகிதத்தில் காட்டுகிறோம். திரையில் பளபளக்கும் கிளிப்பச்சையும் மின்னும் நீலமும் இந்த நான்கு மைகளில் கிடைக்காது. ராக் பீச்சில் காலையில் எடுத்த படத்தின் கடல் நீலம் அச்சில் ஒரு படி மங்கித்தான் வரும். ஃபைலை ஆரம்பத்திலிருந்தே சிஎம்ஒய்கே என்ற இந்த நான்கு மை முறையில் வைத்து வேலை செய்தால், கடைசியில் வரப்போவது ஏறக்குறைய அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நீலத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. சயானும் மெஜந்தாவும் சம அளவில் போட்டால் அச்சில் ஊதாவாகிவிடும். சயான் 100 சதவீதம் என்றால் மெஜந்தாவை 70-க்குள் வையுங்கள். பத்திரிகைக்கு மங்கலமான மஞ்சள் வேண்டுமென்றால் மஞ்சள் 100-உடன் மெஜந்தா 10 முதல் 20 வரை சேர்த்துப் பாருங்கள். வெறும் மஞ்சள் மட்டும் போட்டால் எலுமிச்சை நிறத்தில் வெளுத்துப்போகும். கட்சிக் கொடி, நிறுவனச் சின்னம் போன்றவற்றில் நிறம் துளியும் மாறக்கூடாது என்றால் முன்பு அச்சிட்ட ஒரு பிரதியை நேரில் கொண்டுவந்து கொடுங்கள். செல்போனைக் காட்டி “இதே நிறம்” என்றால், ஒவ்வொரு போனிலும் அது ஒவ்வொரு நிறம்.

கறுப்பு எழுத்து ஏன் கலங்கலாக வந்தது?

ஃபைலில் எழுத்தின் கறுப்பு நான்கு மையும் கலந்த கறுப்பாக இருந்திருக்கும். ஃபோட்டோஷாப்பில் சாதாரணக் கறுப்பை மாற்றினாலே சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று ஆகிவிடுகிறது. மைக்கு ஒன்றாக உள்ள நான்கு அச்சு பிளேட்டும் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழுந்தால்தான் சின்ன எழுத்து தெளிவாக இருக்கும். கொஞ்சம் நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ நிழல் தட்டும். எழுத்துக்குக் கறுப்பு மட்டும் 100, மற்ற மூன்றும் பூஜ்யம் என்று வையுங்கள்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைப்பவர்கள் ‘ண’வைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதன் சுழிகளின் வெள்ளைக் கோடு எவ்வளவு மெல்லியது! 7 பாயின்ட்டில் மை பரவி அந்தக் கோடு அடைபட்டுவிடும். ‘ணை’, ‘ழு’, ‘ஞ’ எல்லாம் அப்படியே. வெள்ளை எழுத்தென்றால் 10 பாயின்ட்டுக்குக் கீழே போக வேண்டாம், கோடு மெலிந்த எழுத்துருவும் வேண்டாம்.

ப்ளீட் என்றால் என்ன? விடாவிட்டால் என்ன ஆகும்?

நிறமோ படமோ தாளின் ஓரம் வரை போகிறதென்றால், வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் 3 மில்லிமீட்டர் நீட்டி வைப்பதுதான் ப்ளீட். கட்டிங் மெஷினில் நூற்றுக்கணக்கான தாள்களை அடுக்கி ஒரே அழுத்தில் வெட்டுகிறோம். கத்தி இறங்கும்போது அடுக்கு அரை மில்லிமீட்டர் நகரலாம். ப்ளீட் இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். அதேபோல் முக்கியமான எதையும் ஓரத்துக்கு 5 மில்லிமீட்டர் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். கும்பாபிஷேகப் பத்திரிகைகளில் ராஜகோபுரத்தை உச்சி வரை இழுத்து வைத்துவிடுகிறார்கள். வெட்டியபின் கலசம் இருக்காது. எதற்காக விழாவோ அதுவே காணாமல் போய்விடும்.

கேன்வாவில் செய்தேன். சரிதானே?

சரி. பதிவிறக்கும்போது ‘பிடிஎஃப் பிரின்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, வெட்டுக் குறிகளும் ப்ளீடும் உண்டு என்று குறியிடுங்கள். சிஎம்ஒய்கே தேர்வு கட்டணக் கணக்கில்தான் வரும், இல்லாவிட்டால் நாங்கள் மாற்றிக்கொள்கிறோம். இன்ஸ்டாகிராம் அளவில் செய்த சதுரப் படத்தை மட்டும் போஸ்டராக்கச் சொல்லாதீர்கள்.

புத்தகத்துக்கு ஃபைல் எப்படி வேண்டும்?

ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக, 1 முதல் கடைசி வரை வரிசையாக, ஒரே பிடிஎஃப்பில் வேண்டும். இரண்டு பக்கம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பாதீர்கள். தாளில் எந்தப் பக்கம் எங்கே விழ வேண்டும் என்று பாரம் கட்டுவது எங்கள் வேலை. வெற்றுப் பக்கமும் ஃபைலில் வெற்றுப் பக்கமாகவே இருக்கட்டும்.

ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கங்களின் தொகுப்புதான் பாரம். ஒரு பாரம் 16 பக்கம். நீங்கள் 100 பக்கம் அனுப்பினால் ஆறு பாரம் போக நாலு பக்கம் தொங்கும். அந்த நாலு பக்கத்துக்காகத் தனியாக பிளேட், தனியாக ஓட்டம், தனியாக மடிப்பு. முன்னுரையைச் சுருக்கி 96 ஆக்கினால் செலவு குறையும். அல்லது 112 ஆக்கிவிட்டு, விட்டுப்போன கவிதைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கவிஞர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சென்டர் பின் அடிக்கும் சின்னப் புத்தகமென்றால் பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும்.

அட்டை தனி ஃபைலாக, பின்னட்டை, முதுகு, முன்னட்டை என்ற வரிசையில் வேண்டும். முதுகின் அகலத்தைக் காகிதம் முடிவான பிறகு எங்களிடம் கேட்டுவிட்டு அமையுங்கள். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ காகிதத்தில் 160 பக்கம் என்றால் 7 முதல் 8 மில்லிமீட்டர் வரை வரும். காகிதம் மாறினால் இதுவும் மாறும்.

கையால் செய்த காகிதத்தில் பத்திரிகை அடிக்க முடியுமா?

முடியும். அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதம் ஊருக்கே பெருமைதானே. ஆனால் அது சொரசொரப்பானது, மையை உறிஞ்சும். நான்கு வண்ணப் படமும் 8 பாயின்ட் எழுத்தும் அதில் எடுபடாது. ஒன்று அல்லது இரண்டு நிறம், தடித்த கோடு, நிறைய வெற்றிடம் என்று அமைத்து ஸ்கிரீன் பிரின்டிங்கில் போட்டால் அழகாக இருக்கும். படம் வேண்டுமென்றால் கோட்டோவியமாக வரையச் சொல்லுங்கள்.

புரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கும் பிரதி) அனுப்பினால் எதைப் பார்க்க வேண்டும்?

எல்லோரும் முதலில் படத்தைப் பார்க்கிறார்கள். தவறு இருப்பது தேதியில். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை மூன்றும் பொருந்துகின்றனவா என்று காலண்டரை எடுத்து வைத்துப் பாருங்கள். முகூர்த்த நேரம் காலையா மாலையா என்பதைக் கவனியுங்கள். இனிஷியலை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள். போன் நம்பருக்கு அடித்தே பாருங்கள். மண்டபம் மஞ்சக்குப்பத்திலா திருப்பாதிரிப்புலியூரிலா என்பதைத் தெளிவாகப் போட்டிருக்கிறதா? கடலூருக்குப் புதிதாக வருபவர்கள் அலைய வேண்டியிருக்கும்.

செல்போன் திரையில் மட்டும் பார்த்து ‘ஓகே’ அனுப்பாதீர்கள். ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, மேட்டரைத் தட்டச்சு செய்யாத ஒருவரிடம் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். உறவினர் பெயர்களின் வரிசையையும் வீட்டில் பேசி முடித்துவிட்டே சம்மதம் சொல்லுங்கள். பிளேட் போட்ட பிறகு சித்தப்பா பெயரை மேலே ஏற்ற வேண்டுமென்றால் புது பிளேட்டுக்கான பணம் தனி.

பெரிய ஃபைலை எப்படி அனுப்புவது?

25 எம்பிக்கு மேல் போனால் ஜிமெயில் தானாகவே டிரைவ் லிங்க் ஆக்கிவிடும். அந்த லிங்கை ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் நாங்கள் அனுமதி கேட்டுக் காத்திருப்போம், நீங்கள் வேலை ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஃபைல் பெயரில் உங்கள் பெயர், வேலை, தேதி இருக்கட்டும். ‘ஃபைனல்’, ‘நியூ ஃபைனல்’, ‘லாஸ்ட் ஃபைனல்’ மூன்றும் ஒரே நாளில் வந்தால் எது ஃபைனல் என்று கேட்க மறுபடி உங்களுக்கே போன் செய்ய வேண்டும். பென் டிரைவ் கொண்டுவரலாம், வைரஸ் பார்த்துவிட்டுத்தான் திறப்போம்.

ஃபைல் கொடுத்தால் எத்தனை நாளில் கிடைக்கும்?

வேலையைப் பொறுத்தது. தை, ஆவணி முகூர்த்த மாதங்களிலும் டிசம்பர் காலண்டர் சமயத்திலும் கொஞ்சம் முன்னதாகவே வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காகிதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மை காயத் தாமதமாகும். காயாமல் லேமினேஷன் போட்டால் பிறகு உரிந்துவரும். கடலோர ஊரில் அந்த ஒன்றிரண்டு நாளைக் குறைக்க முடியாது.

தேர்தல் நோட்டீஸ் ஃபைல் அனுப்பினால் உடனே அடித்துத் தருவீர்களா?

ஃபைல் மட்டும் போதாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 127ஏ பிரிவின்படி அச்சிடுபவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் நோட்டீஸின் முகப்பில் இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழி இரண்டு பிரதிகள் எங்களிடம் தர வேண்டும். அச்சிட்டபின் அந்த உறுதிமொழியின் ஒரு பிரதியையும் நோட்டீஸின் ஒரு பிரதியையும் நாங்கள் அதிகாரிகளுக்கு அனுப்பியாக வேண்டும். கடலூரில் அச்சிட்டால் அது மாவட்ட ஆட்சியருக்குப் போகும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். “அண்ணன் சொன்னார், அடித்துக் கொடுங்கள்” என்பது இதில் செல்லாது. முகவரிக்காக ஃபைலின் கீழே ஒரு வரி இடம் விட்டு வையுங்கள்.

போன வருடம் செய்த வேலையின் ஃபைல் உங்களிடம் இருக்குமா?

இருக்கலாம், ஆனால் அதை நம்பி உங்கள் பிரதியை அழித்துவிடாதீர்கள். தானே, ஃபெஞ்சல் என்று புயல் இரண்டும் நம் கரையில்தான் ஏறின. தண்ணீர் கடைக்குள் வந்தால் முதலில் போவது கீழே வைத்த கணினிதான். டிரைவில் ஒரு பிரதி, வீட்டில் ஒரு பிரதி வைத்திருங்கள். பில் புக் மறுபடி அடிக்க வருபவர்கள் பழைய புத்தகத்தின் கடைசி பில்லையும் எடுத்து வாருங்கள், அடுத்த எண் எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது ஃபைலில் இருக்காது.